கட்டிலுக்குக் கீழே அப்பா

காலையில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி என்னோடு நடக்கும் உங்களுக்கெல்லாம் நான் நாகர்கோவில்காரி. நீங்களாக முடிவு செய்ததுதான் அது. முதல் வாரம் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நாகர்கோவிலா, மார்த்தாண்டமா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். நான் சிரித்தேன். சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டீர்கள். போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சின்ன வயதில் யார் யார் எந்தத் தெருவில் இருந்தோம் என்று பேச்சு வந்தது. எல்லோரும் சொன்னீர்கள். நான் மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அது வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்தியது. பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஏரியை நான் முதலில் பார்த்தபோது இதற்கு வேலி கிடையாது, நடைபாதை கிடையாது. எருமைகள் கழுத்தளவு நீரில் கிடக்கும். கரைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அதில் ஒரு வீட்டின் பின்பகுதியில் ஓர் அறையும், ஆள் திரும்ப முடியாத ஒரு சமையலறையும். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. இலங்கையில் நடந்த சண்டைக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

படகுக்காரனிடம் அம்மா தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துத்தான் எங்களை ஏற்றினாள். அப்பா வரவில்லை. படுக்கையில் கிடந்த தன் தகப்பனை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் இல்லை. "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று சொன்னார். கரையோர முகாமில் சில வாரம் இருந்தோம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள் சிலர் எங்கள் ஆட்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறார்கள், வேலையும் தேடிக் கொடுக்கிறார்கள், எங்கள் தீவிலிருந்து ஏற்கெனவே இரண்டு குடும்பம் அங்கே போய்விட்டது என்று முகாமில் யாரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி ரயில் ஏறினோம்.

ஆவடி ஸ்டேஷனில் எங்களுக்காக ஓர் அம்மாள் காத்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கணவருக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கும் அவர் அக்கா, எங்களுக்கும் அக்கா. அந்தப் பெண்களுக்குச் சங்கம், பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. இந்த அக்கா குரல் கொடுத்தால் ஐந்தாறு பேர் வருவார்கள், அவ்வளவுதான். கூடவே ஓர் ஆட்டோக்கார அண்ணன், எங்கள் பெட்டியைப் பார்த்தவுடன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு எங்கத்தா?" என்று அக்கா கேட்டார்.

"அவர் இல்லை, அக்கா" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் யாராவது வாசல் படலையில் வந்து அப்பாவைத் தேடினாலும் அம்மா இப்படித்தான் சொல்வாள். அவர் இல்லை. வெளியில் போயிருக்கிறார், இங்கே இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அக்கா அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுலயா?" என்றார். கண் கலங்கிவிட்டது. பிரிந்திருப்பதற்காக இரக்கப்படுகிறார் என்று நினைத்து அம்மாவும் அழுதாள். நடைமேடையில் இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காகச் சேர்ந்து அழுதார்கள். எனக்கு அன்றைக்கு அது தெரியாது.

வீட்டுக்கார அம்மா முன்பகுதியில் இருந்தார். எங்களை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு அக்கா மட்டும் வாசலில் போய்ப் பேசினார். நீண்ட நேரம் பேச்சு நடந்தது. பிறகு வீட்டுக்கார அம்மா வந்து ஆட்டோவுக்குள் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். "சரி, இறங்கி வா. பொம்பள ஒண்டியா கீற, அதனாலதான் வுடறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்கக் குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தர் பம்ப் ஸ்டவ் கொண்டுவந்தார். ஒருத்தர் தன் மகளின் பழைய சீருடையை எனக்காகப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். மீன்பாடி வண்டியில் வைத்து ஓர் இரும்புக் கட்டில் வந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்து, உட்கார்ந்தால் கிரீச்சிடும் கட்டில்.

பேச்சையும் அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா கடையில் போய்ச் சவர்க்காரம் கேட்க, கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துக் கொடுத்துவிட்டார். அன்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இங்க சோப்புன்னு சொல்லுத்தா. கதைக்கிறதுன்னு சொல்லாத, பேசுறதுன்னு சொல்லு. கடைத்தெருவுல ஆளை அடையாளம் கண்டுக்க வேணாம்" என்றார். அப்போது இங்கே நேரம் சரியில்லை. எங்கள் ஆட்களை இயக்கத்துக்காரர்கள் என்று சந்தேகப்பட்டுப் பிடித்ததாகப் பேப்பரில் வராத நாள் இல்லை. அம்மா அரிசி களையும்போதெல்லாம் "சோப்பு, பேசுறது, சோப்பு, பேசுறது" என்று முணுமுணுப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா தனியாக வந்தார். அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஏத்தா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காத. எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. ஆனா வீட்டுக்காரம்மா கேக்குது. புருஷன் செத்துட்டான்னு சொன்னீங்க, நெத்தியில பொட்டு வச்சிருக்காளேன்னு. இந்த வீட்டுல இருக்குற வரைக்கும் வேணாமே."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். ஸ்டேஷனில் அந்தக் கண்ணீர், ஆட்டோவுக்குள் நீண்ட முகம், வண்டியில் வந்த கட்டில், எல்லாம். இல்லையக்கா, அவர் உயிரோட இருக்கிறார் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கட்டிலில் தம்பி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா போன பிறகு நான் கேட்டேன். "அப்பா செத்துப் போனாரா?"

"விசரே, வாயை மூடு. அப்பா இருக்கிறார். ஆனா இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. ஒருத்தருக்கும்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. அதுவும் அக்கா பேசி வாங்கியதுதான். போலீஸ் ஸ்டேஷனில் எங்களைப் பதிய வேண்டியிருந்தது. உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அக்காவின் கணவர் லீவு போட்டுவிட்டு வந்து, "ஒரு பொம்பளை, ரெண்டு குழந்தைங்க. இவங்களுக்கு நான் பொறுப்பு சார்" என்று சொன்னார். அதிகம் பேசாத மனிதர். அன்று ஸ்டேஷன் வாசலில் தம்பிக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஆட்டோக்கார அண்ணன் உள்ளே வந்தார்.

"இன்னாமா, உங்க ஊர்க்காரர் ஒருத்தர் ஸ்டேஷன்ல முழிச்சிகினு நின்னாரு. பேச்ச கேட்டேன், உங்க ஆளாத்தான் இருக்கும்னு இட்டாந்துட்டேன்."

அவருக்குப் பின்னால் அப்பா நின்றார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டை வேறு யாருடையதோ மாதிரி தொளதொளத்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

"என்ர தம்பி" என்றாள் அம்மா, ஆட்டோக்கார அண்ணனைப் பார்த்து. "இவர் என்ர தம்பி."

அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஆட்டோக்கார அண்ணன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "நான் யாராண்டயும் சொல்ல மாட்டேம்மா. ஆனா உள்ளயே குந்திகினு இருக்கச் சொல்லு. உங்க ஆம்பளைங்கள கண்டா இப்ப அள்ளிகினு போறானுங்க. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சுது, அவ்ளோதான்."

அவர் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். அழுதபடியே எங்களிடம் சொன்னாள். "இவர் மாமா. விளங்குதோ? வீட்டுக்குள்ளயும் மாமாதான். மாமா எண்டுதான் கூப்பிட வேணும்." தம்பிக்காகத்தான் அப்படி. நாலு வயசுப் பிள்ளைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சொல்லிக் கொடுக்க முடியுமா? அவனுக்கு அப்பாவின் முகம் ஏற்கெனவே மறந்து போயிருந்தது. "மாமா" என்று உடனே கூப்பிட்டுவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்பா அவன் தலையை முகர்ந்துகொண்டே இருந்தார். தாத்தா செத்துப்போன செய்தியையும், முகாமில் விசாரித்து எங்களைத் தேடி வந்ததையும் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

அன்று தொடங்கியது ஒளிந்து வாழ்வது. அந்த ஒற்றை அறையின் சன்னலை மூடியே வைத்தோம். கட்டிலின் மேல் ஓர் அகலப் புடவையை விரித்து, அது தரை வரை தொங்கும்படி விட்டோம். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் அப்பா கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். அவருடைய சாரத்தை, அதாவது லுங்கியை, அறைக்குள்ளேயே காயப் போட்டதில் ஈர வாடை போகவே இல்லை. கழிப்பறை கொல்லையில், எல்லோருக்கும் பொது. ஊர் விழிப்பதற்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும், பிறகு பகல் முழுக்கக் கிடையாது. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அவருக்கு இருமல் வந்தால் நான் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்வேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் வரும்.

தொழிற்சாலைப் பக்கம் டாங்கிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்த உறுமல் சுவரில் தெரியும், தட்டில் இருக்கும் டம்ளர் நடுங்கும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் விளையாட்டைக்கூட நிறுத்த மாட்டார்கள். அப்பா முதல் தடவை அதைக் கேட்டபோது, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தம்பியையும் என்னையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே பாய்ந்தார். எங்கள் இரண்டு பேர் மேலும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். "இது பழக்கத்துக்கு ஓட்டுறது, மாமா" என்று நான் அவர் காதில் சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் எனக்கு மாமா என்றுதான் வந்தது. அவர் உடம்பு ஒரு நொடி விறைத்துத் தளர்ந்தது.

அம்மா விடிந்ததும் கம்பெனிக்குப் போய்விடுவாள். அதனால் பள்ளிக்கூடத்துக்கு அப்பாதான் எனக்குத் தலை வாரிவிடுவார். நேர் வகிடு எடுத்து, எண்ணெய் தடவி, இழுத்து இறுக்கி இரட்டைப் பின்னல். ஒரு நாள் குழாயடியில் வீட்டுக்கார அம்மா என் பின்னலைப் பிடித்து நிறுத்தினார்.

"யாரு உனுக்கு பின்னி வுட்டது? உங்கம்மாதான் காத்தாலயே பூட்டாளே."

"நானேதான்."

"நீயேவா?" அவர் என் தலையைத் திருப்பி வகிட்டைப் பார்த்தார். "பின்னாடி கண்ணு கீதா உனுக்கு? நூல் புடிச்ச மாதிரி எடுத்துகீறே?"

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவர் கையை விட்டுவிட்டார். ஆனால் கண்ணை விடவில்லை. மத்தியானம் வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் வேண்டுமென்றே வகிட்டைக் கோணலாக எடுத்தார். ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். அவர் கை அப்படிக் கோணலாகப் பின்னுவதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டது என்பது எனக்குத்தான் தெரியும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் அப்பா கட்டிலுக்குக் கீழே போனார். அக்கா நேராக வந்து அந்தக் கட்டிலின் மேலேயே உட்கார்ந்தார். கட்டில் கிரீச்சிட்டுத் தாழ்ந்தது. அம்மாவின் முகம் வெளுத்தது.

"வீட்டுக்காரம்மா என்னென்னமோ சொல்லுது. ஆம்பளை இருமுற சத்தம் கேக்குதாம்."

"சின்னவனுக்குச் சளி, அக்கா."

"நானும் அதத்தான் சொன்னேன். உன்னைச் சந்தேகப்பட்டா எனக்குச் சோறு இறங்குமாத்தா?" அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டார். "ஆனா கொஞ்சம் பாத்து இருந்துக்க. எங்க வீட்டுக்காரருக்கு அங்க நெருக்கடி. டாங்கி செய்யுற எடத்துல வேலை பாக்குறவன் இலங்கைக்காரங்களுக்குப் பொறுப்பேத்துக்கிட்டான்னு எவனோ மேல எழுதிப் போட்டுட்டான். கூப்பிட்டு வச்சு விசாரிச்சிருக்காங்க. 'அந்த வீட்டுல ஆம்பளையே கிடையாது சார், என் வேலையை வச்சுச் சொல்றேன்'னு சொல்லிட்டு வந்துருக்காரு. வீட்டுல வந்து சாப்பிடவே இல்ல."

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். புடவை விளிம்புக்குக் கீழே அப்பாவின் விரல் நுனிகள் தெரிந்தன. நான் மெல்ல நகர்ந்து பாவாடையால் மறைத்தேன். அக்கா இன்னும் நிறைய நேரம் இருந்தார். தம்பியைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேசினார், தீபாவளிக்கு எங்களுக்குத் துணி எடுப்பது பற்றிப் பேசினார். தம்பி ஒருமுறை குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்துச் சிரித்தான். அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அக்கா போன பிறகு அப்பா ஊர்ந்து வெளியே வந்தார். முடியெல்லாம் தூசி.

"இதெல்லாம் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன செய்திருப்பியள்?"

"அந்த மனிசன்ர சோத்துக்கு மேல படுத்துக் கிடந்திருக்கிறன். எனக்கு அது தெரியாது."

"வெளியில போனால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். பேந்து நான் எங்க வந்து தேடுறது?"

"பிடிக்கட்டும். உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம்."

அவர் அதை முழுமனதாக நம்பினார். உண்மையைக் கொண்டுபோய் ஒரு மேசையில் வைத்தால் போதும், எல்லோரும் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று. நம் வயதில் யாராவது இதை நம்புவோமா?

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார். கதவைத் திறந்து, முன்வாசல் வழியாகவே நடந்தார். வீட்டுக்கார அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா அவருக்குக் கைகூப்பிவிட்டு நடந்தார். வெயில் கண்ணில் குத்தியது போலும், கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தார். இவ்வளவு நாள் ஓர் அறைக்குள் கிடந்த கால்கள் அடிக்கடி தடுமாறின. எதிரே காக்கிச் சட்டையில் யாராவது வந்தால், தபால்காரராக இருந்தாலும், அவர் கை என் கையை நெரித்தது.

குவார்ட்டர்ஸில் அக்காவின் கணவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் ஐயா" என்றார் அப்பா. "நான் இந்தப் பிள்ளையின்ர அப்பா. அந்த வீட்டில ஆம்பிளை இல்லையெண்டு உங்கட வேலையை வைச்சுச் சொன்னியளாம். நான் அங்கதான் இருந்தனான். நேற்று உங்கட மனிசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அக்கா அடுக்களையிலிருந்து வந்தார். அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெடித்தார். "அப்ப நேத்து நான் உக்காந்திருந்தப்ப நீ எங்கய்யா இருந்த? புருஷன் செத்துட்டான்னு நான் ஊரெல்லாம் சொல்லி, காலைப் பிடிச்சு வீடு வாங்கிக் குடுத்தேன், வேலை வாங்கிக் குடுத்தேன்! என் புருஷன் வாயால பொய் சொல்ல வச்சுட்டீங்களே, குடும்பமா சேந்து!" என்னைப் பார்த்து, "நீயுமாடி?" என்றார். அது மட்டும் கத்தலாக இல்லை.

அவர் கணவர் காபியைக் கீழே வைத்தார். "குளிச்சுட்டு வர்றேன். ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார் அப்பாவிடம்.

ஆட்டோக்கார அண்ணன் அம்மாவையும் தம்பியையும் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். அம்மா நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயம். அம்மாவைப் பார்த்து, "அன்னைக்கு இல்லேன்ன, இன்னைக்கு இருக்காருங்கற. எதம்மா நான் நம்பறது?" என்றார். பிறகு தம்பியைத் தூக்கி மேசை மேல் உட்கார வைத்து, ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தார்.

"இது யாருடா கண்ணு?"

தம்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "மாமா."

"அப்பா எங்க?"

"அப்பா இல்லை."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. யார் இது?"

"அப்பா" என்றேன். "எங்கட அப்பா. அவனுக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "பெருசுக்குச் சொல்லிக் குடுத்து இட்டாந்திருக்கீங்க. சின்னது பொய் சொல்லாது."

தம்பி பொய் சொல்லவில்லைதான். அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். அந்த மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் அன்று உண்மையைத்தான் பேசினோம். அதில் அவனுடையதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவின் கணவர் ஓர் அடி முன்னால் வந்தார். "சார், நான் முன்னாடி சொன்னது தப்பு. இப்ப இவர் சொல்றது சரி."

"எது சரின்னு நாங்க பாத்துக்கறோம். நீங்க சர்க்கார் உத்தியோகம். போங்க."

அப்பாவை உள்ளே கூட்டிப் போனார்கள். இரண்டு நாளில் வேறு ஊரில் ஒரு காவல் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஆட்டோக்கார அண்ணன் வந்து சொன்னார்.

வீட்டுக்கார அம்மா சந்தே கேட்கும்படி பேசினார். "ஒண்டியா கீறாளேன்னு பாவப்பட்டு ஊடு குட்தேன். உள்ள ஆம்பளைய வச்சிகினு எனுக்கே ஆட்டம் காட்டிகீறா!" உடனே காலி செய்யச் சொன்னார். ஆட்டோக்கார அண்ணன்தான் கெஞ்சிப் பேசி, அப்பா வரும்வரை என்று தவணை வாங்கினார். குவார்ட்டர்ஸ் பெண்கள் வருவது நின்றுவிட்டது. மழை தொடங்கி ஏரி நிரம்பி, சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அம்மா இரண்டு தடவை குவார்ட்டர்ஸுக்குப் போனாள். இரண்டு தடவையும் அக்கா வெளியே வரவில்லை. அவர் கணவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்று கம்பெனியில் யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அன்றிரவு அம்மா சமைக்கவில்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் அப்பா வந்தார். அவரைக் கொண்டுவந்து விட்டது அக்காவின் கணவர். லீவு கிடைக்கும்போதெல்லாம் அந்த முகாமுக்குப் போயிருக்கிறார். எங்கள் தீவிலிருந்து முன்னாலேயே வந்திருந்த இரண்டு குடும்பத்து ஆட்களையும் கூட்டிப் போய், இவர் இன்னாருடைய கணவர், எங்களுக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும் என்று அதிகாரிகளிடம் சொல்ல வைத்திருக்கிறார். எங்களிடம் அவர் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. நடக்காமல் போனால் நாங்கள் காத்திருந்து ஏமாந்துவிடுவோம் என்று நினைத்தாராம். அப்பாவை வாசலில் விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

"மாமா வந்திட்டார்" என்று தம்பி கத்திக்கொண்டு ஓடினான். அவன் அப்பா என்று கூப்பிட இன்னும் நெடுநாள் ஆனது. அம்மா திருத்தப் பார்த்தபோதெல்லாம் அப்பா விடவில்லை. "அவனாக் கூப்பிடட்டும்" என்பார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தார். எப்போதும் போல உள்ளே வந்து உட்காராமல் நிலையில் சாய்ந்து நின்றார். மெலிந்திருந்தார். அப்பா எழுந்து நின்றார். அக்கா அவரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்கள் தாலி அறுத்தவளுக்குத்தானே அக்கா இந்த வீட்டை வாங்கித் தந்தனீங்கள்" என்றாள்.

"புருஷன் உயிரோட இருக்கான்னு சொல்லியிருந்தா வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?"

அம்மா கட்டிலைப் பார்த்தாள். வெளியே யாரோ குழாயை அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் வடிந்து வேறு ஏதோ வந்தது.

"மாட்டேன்" என்றார். "குடுத்திருக்க மாட்டேன்தான். ஆம்பளை வருவான்னு தெரிஞ்சிருந்தா நானே பயந்திருப்பேன்." வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "டீ போடுத்தா. நாளைக்குக் காலைல கிளம்பி இரு. வீடு தேடணும்."

மறுநாள் நாங்கள் நாலு பேரும் அக்காவோடு ரயில் ஏறினோம். திருநின்றவூரில் இறங்கினோம், பிறகு வேப்பம்பட்டு. ஒவ்வொரு வாசலிலும் அக்கா தூரத்திலேயே நின்று குரலை உயர்த்திச் சொன்னார். "இலங்கைக்காரங்க. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. போலீஸ்ல பதிஞ்சிருக்கு. எல்லாத்தையும் முதல்லயே சொல்லிட்டேன், இஷ்டம்னா குடுங்க." பாதிப் பேர் பேச்சு முடிவதற்குள் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் தம்பிக்கு முறுக்கு கொடுத்துவிட்டு வீடு இல்லை என்றார். ஒருவர் அக்காவையே திட்டினார். அக்கா பதிலுக்குத் திட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அம்மாவின் செருப்பு அறுந்து கையில் இருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது.

கடைசியாக, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா அதையே சொன்னார். குரல் கம்மிப் போயிருந்தது. அவர் கையை வாளியிலிருந்து எடுக்காமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆம்பளை இன்னா வேலை செய்றாரு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் போனார். "இன்னும் ஒண்டும் இல்லை, ஐயா. தேடவேணும். ஊரில மீன் பிடிச்சனான்."

அவர் யோசித்தார். கையைக் கழுவி லுங்கியில் துடைத்துக்கொண்டார். பின்னால் இருந்த ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கெணத்துத் தண்ணி உப்பா கீதே. முன்னாடி இருந்தவன் அதனாலதான் காலி பண்ணிகினு போனான். உங்களுக்குப் பரவால்லியா?"

அம்மா சிரித்துவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. "எங்கட தீவில உப்புத் தண்ணிதான், ஐயா" என்றாள். "நல்ல தண்ணி குடிச்சால்தான் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது."

அவரும் சிரித்தார். உள்ளே போய்ச் சாவியோடு, ஒரு செம்பில் அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்தார். முதலில் அக்கா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு நாங்கள் நாலு பேரும் செம்பைக் கைமாற்றி மடமடவென்று குடித்தோம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன்.